தகட்டுக்குச் சாதி இல்லை!

ஒசூரிலே ஒரு சிறு லேத் பட்டறை. எந்திரம் சுழல்கிறது, இரும்புச் சீவல் சுருண்டு விழுகிறது, போல்ட்டு ஒன்று உருவாகிறது. பெட்டியிலே அடங்கி, லாரியிலே ஏறி, ஜூஜூவாடியைக் கடந்து, அத்திப்பள்ளியைத் தாண்டிக் கன்னட நாட்டுக்குள் நுழைகிறது. பொம்மசந்திராவிலே எவரோ கடைந்த நட்டு அதற்காகக் காத்திருக்கிறது. ஒருவரை ஒருவர் கண்டிராத இரு தொழிலாளர், இருவேறு மொழி, இருவேறு மாநிலம். ஆயினும், சந்தித்த கணத்திலேயே போல்ட்டும் நட்டும் பொருந்திவிடுகின்றன. "நீ எந்த ஊர்? என்ன குலம்? உன்னைக் கடைந்தவன் யார் மகன்?" என்று நட்டு கேட்பதில்லை. அளவு சரியா, மரை பொருந்துகிறதா — அவ்வளவுதான் அதன் கேள்வி!

அந்த நட்டுக்கு இருக்கும் நாகரிகம் நம் நாட்டு மனிதனுக்கு வரவேண்டாமா? இன்னும் முழுதாக வந்தபாடில்லை என்பதற்குச் சான்று வேண்டுவோர், ஞாயிற்றுக்கிழமை ஏடுகளில் வரும் மணமக்கள் விளம்பரத்தைப் படித்தாலே போதும்.

இந்த எண்ணத்தை நம் உள்ளத்திலே கிளறிவிட்டது பெரிய தத்துவ நூல் எதுவுமன்று. சிறுவர் விளையாடும் ஒரு பெட்டி! துளையிட்ட தகடுகள், அச்சுக் கம்பிகள், பற்சக்கரங்கள், போல்ட்டு, நட்டு — இவை நிறைந்த பெட்டி. குழந்தை இன்று அதைக்கொண்டு பாரந்தூக்கி கட்டுகிறது; நாளை அதைப் பிரித்துப் பாலம் கட்டுகிறது; மறுநாள் பாலத்தைப் பிரித்து வண்டி கட்டுகிறது. மேல்நாட்டிலே மெக்கானோ என்று பெயர் பெற்ற இந்தக் கட்டுமானப் பெட்டியை எண்ணியவர் யார்? எப்படி வகுத்தார்? பின்வந்தோர் எப்படி வளர்த்தனர்? கடிகாரமும் வண்டியும் எந்திரமும் செய்யும் ஒசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்திலே நின்று இதை ஆராய்வது வீண்வேலை ஆகாது. விளையாட்டுச் சாமான்தானே என்று தள்ளிவிட வேண்டாம், தோழர்களே! ஒரு சமுதாயம் தன் குழந்தையின் கையிலே எதைக் கொடுக்கிறது என்பதைப் பார்த்தால், அந்தக் குழந்தையை எங்கே வைக்க எண்ணுகிறது என்பது விளங்கிவிடும்.

ஒரே ஆட்டம் ஆடும் பொம்மைகள்

பொறி வைத்த பொம்மை நம் மண்ணுக்குப் புதியதன்று. கிருஷ்ணகிரிக் கோட்டையும் அதைச் சூழ்ந்த பாராமகால் நிலமும் 1792 ஆம் ஆண்டு உடன்படிக்கை வரை திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தவை. அந்தத் திப்புவிடம் ஒரு மரப்புலி இருந்தது. ஐரோப்பியன் ஒருவனைக் கீழே வீழ்த்தி, மேலே நின்று கவ்வும் புலி! கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே துருத்திகள் இயங்கும், புலி உறுமும், வீழ்ந்தவன் கை உயர்ந்து தாழும், அவன் ஓலம் கேட்கும். 1799 இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் வெள்ளையர் அதைத் தூக்கிச் சென்றனர். இன்று இலண்டன் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலே காட்சிப் பொருள்.

வியக்கத்தக்க வேலைப்பாடுதான். ஆனால் அந்தப் புலிக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றே ஒன்று. அதன் துருத்தியைக் கழற்றி நீரிறைக்கும் பொறி செய்ய முடியாது. கைப்பிடியைக் கழற்றி வண்டிக்குப் பூட்ட முடியாது. புலிக்கென்று பிறந்த உறுப்பு புலியோடுதான் கிடக்கவேண்டும்!

தஞ்சைத் தலையாட்டிப் பொம்மையை அறியாதார் இல்லை. அடிப்புறம் உருண்டு கனத்திருப்பதால், எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்து நிற்கும். அதிலே ஈர்ப்பு மையத்தைப் பற்றிய இயற்பியல் பாடமே அடங்கியிருக்கிறது. அந்தப் பாடத்தை நம்மவர் குழந்தைக்குச் சொன்னார்களா? தலையாட்டுவதைப் பார்த்துக் கைதட்டச் சொன்னார்கள்; அத்தோடு சரி.

கொலுப் பொம்மையோ கேட்கவேண்டியதே இல்லை! மேற்படியிலே தெய்வங்கள், கீழ்ப்படியிலே கடை விரித்த செட்டியாரும் அவர் மனைவியும். மண்ணால் செய்து, ஒரே சூளையிலே சுட்டு, ஒரே வண்ணக் கலயத்திலே தோய்ந்த தூரிகையால் தீட்டிய பொம்மைகளுக்கும் படிவரிசை! குழந்தை தொட்டால் "உடைந்துவிடும், தள்ளி நின்று பார்" என்பார்கள். பார்க்கலாம், கும்பிடலாம், பாடலாம். பிரிக்கலாகாது, மாற்றலாகாது, கேட்கலாகாது. இப்படி வளர்ந்த குழந்தையிடம் பின்னாளிலே, "நீ ஏன் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை?" என்று கேட்பது நேர்மையா?

கணக்கெழுதியவர் கண்ட வழி

இனி லிவர்பூல் நகருக்குச் செல்வோம். பிராங்க் ஹார்ன்பி என்பவர் அங்கே இறைச்சி இறக்குமதி செய்யும் வணிகரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பதினாறு வயதிலே பள்ளியை விட்டவர். பொறியியல் பட்டம் பெறாதவர். தம் மைந்தர் இருவருக்காக வீட்டிலே தகட்டை வெட்டிப் பாரந்தூக்கியும் பாலமும் செய்யத் தொடங்கினார்.

வந்தது தொல்லை! பாரந்தூக்கிக்கென வெட்டிய துண்டு பாலத்துக்கு உதவவில்லை. பாலத்துக்கென வெட்டியது வண்டிக்கு ஒவ்வவில்லை. ஒவ்வொரு புதுப் பொம்மைக்கும் புதுத் துண்டு. பழைய துண்டெல்லாம் குப்பை. அப்போதுதான் அவர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு துண்டு ஏன் ஒரே இடத்துக்கென்று பிறக்கவேண்டும்?"

இந்தக் கேள்வியிலே பிறந்ததுதான் கட்டுமானப் பெட்டி. அரை அங்குல அகலமுள்ள தகட்டுப் பட்டை. அதன் நெடுகிலும் துளைகள். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எங்கும் அரை அங்குலம். ஒரே அளவுத் துளை. அதிலே போல்ட்டும் நுழையலாம், சக்கரத்தின் அச்சும் சுழலலாம். அவ்வளவுதான்! எந்தப் பட்டையும் எந்தப் பட்டையோடும் சேரும். இன்று தூணாக நிற்பது நாளை உத்தரமாகக் கிடக்கும். மறுநாள் வண்டியின் அடிச்சட்டமாக ஓடும். துண்டுக்கு இடம் என்பது பிறவியால் வருவதன்று, வேலையால் வருவது!

1901 ஆம் ஆண்டு காப்புரிமை கேட்டார். அதற்கான செலவுக்கு முதலாளியிடம் 5 பவுண்டு கடன். 1902 இல் பெட்டி கடைக்கு வந்தது. உள்ளே இருந்தவை 16 வகை உறுப்புகளே. அவற்றால் செய்யத்தக்க 12 உருவங்களைக் காட்டும் சிறு தாளும் இருந்தது. 1907 இல் மெக்கானோ என்ற பெயர் பதிவாயிற்று. 1914 இல் லிவர்பூல் பின்ஸ் சாலையிலே பெரிய ஆலை எழுந்தது. கணக்கெழுதியவர் 1931 இல் பாராளுமன்ற உறுப்பினருமானார். 1936 இல் மறைந்தார். ஆலை 1979 இல் மூடப்பட்டது. ஆலைக்கு முடிவு வந்தது. அரை அங்குல எண்ணத்துக்கு முடிவு வரவில்லை.

ஹார்ன்பி வெறும் கையோடு தொடங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1785 இலேயே பிரான்சு நாட்டு ஓனொரே பிளாங்க் என்பவர், துப்பாக்கிப் பூட்டின் உறுப்புகளைக் குவியலாகக் கொட்டி, கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பூட்டிக் காட்டினார். அதற்குமுன் ஒரு துப்பாக்கியின் உறுப்பு வேறொரு துப்பாக்கிக்குச் சேராது. ஒவ்வொன்றையும் அரத்தால் தேய்த்துத்தான் சேர்க்கவேண்டும். 1841 இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், பட்டறைக்கு ஒரு மரை என்றிருந்த குழப்பத்தைக் கண்டு, நாடு முழுவதுக்கும் ஒரே மரை அளவு வேண்டுமென வகுத்தளித்தார். மெக்கானோப் பெட்டியிலுள்ள சிறு போல்ட்டின் மரை, அந்த விட்வொர்த் வகுத்த மரையே. பெரிய தொழிற்சாலையின் அறிவைச் சிறு குழந்தையின் விரலுக்கு எட்டச் செய்ததே ஹார்ன்பியின் பெருமை.

வடிவமைப்பாளரின் கணக்கு

"துளை போட்டால் ஆயிற்று, இதிலே என்ன பெரிய கலை?" என்று கேட்பீர்கள். சற்றே உள்ளே நுழைந்து பார்ப்போம்.

பற்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். இரு சக்கரங்கள் கடித்துச் சுழல, அவற்றின் அச்சுகள் குறித்த தூரத்திலே நிற்கவேண்டும். ஆனால் அச்சு நிற்கும் இடமோ துளை. துளையின் இடைவெளியோ மாறாத அரை அங்குலம். ஆகவே துளைக்கேற்றபடி பல் அமையவேண்டும். என்ன செய்தார்கள்? ஓரங்குல விட்டத்துக்கு 38 பல் என்று வகுத்தார்கள். 19 பல் கொண்ட சிறு சக்கரத்துக்கு விட்டம் அரை அங்குலம். 57 பல் கொண்ட பெரிய சக்கரத்துக்கு ஒன்றரை அங்குலம். இரண்டின் ஆரத்தையும் கூட்டினால் சரியாக ஓரங்குலம் — துளையின் இடைவெளியைப் போல் இருமடங்கு! சிறியது மூன்று முறை சுழன்றால் பெரியது ஒரு முறை சுழலும். 25 பல்லையும் 50 பல்லையும் சேர்த்தால்? கூட்டு 76 வரவேண்டிய இடத்திலே 75 வருகிறது. அங்குலத்தில் 76இல் ஒரு பங்கு தளர்வு. அந்தத் தளர்வு இயக்கத்தைக் கெடுக்காது என்று கண்டு ஏற்றார்கள். எங்கே கண்டிப்பு வேண்டும், எங்கே நெகிழ்வு தாங்கும் என்று அறிவதே வடிவமைப்பு.

மூன்று பட்டைகளை எடுங்கள்: நான்கு துளை, ஐந்து துளை, ஆறு துளை. முனைத் துளைகளிலே போல்ட்டு இடுங்கள். இடைவெளியை எண்ணினால் 3, 4, 5. எழுகிறது செங்கோணம்! நம் ஊர்க் கொத்தனார் மூலைமட்டம் பிடிக்க நூலிலே அளக்கும் அதே 3, 4, 5. பிதாகரசு பெயரைக் கேட்டிராத சிறுவனும் கையால் அதைக் கண்டுகொள்கிறான். நான்கு பட்டைகளால் சதுரம் செய்தால் ஆடிச் சரிகிறது. குறுக்கே ஒரு பட்டை இட்டால் அசையாது நிற்கிறது. பாலத்திலும் பாரந்தூக்கியிலும் முக்கோணம் ஏன் என்று எவரும் அவனுக்குப் பிறகு விரித்துரைக்கவேண்டியதில்லை.

டென்மார்க்கிலே பில்லுண்டு என்னும் சிற்றூரின் தச்சர் ஓலெ கிர்க் கிறிஸ்டியன்சன் 1932 இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அவருடைய லெகோ நிறுவனம் 1949 இல் பிளாஸ்டிக் செங்கல் செய்தது. அந்த எண்ணமும் முற்றும் சொந்தமன்று. இங்கிலாந்தின் ஹிலரி பேஜ் செய்த செங்கலைப் பார்த்துச் செய்தது. அடுக்கலாம், ஆனால் அசைத்தால் கழன்றது. ஒன்பது ஆண்டு முயன்று, 1958 சனவரி 28 அன்று, செங்கல்லின் அடியிலே வெற்றுக்குழாய் வைக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டார் அவர் மகன் கோட்பிரெட். மேலே உள்ள குமிழைக் கீழே உள்ள குழாய் இறுகப் பற்றும். ஆனால் குழந்தை இழுத்தால் விட்டுவிடும். பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும் — இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைக் காப்பதற்கு வார்ப்பச்சு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகலாகாது. 1958 இல் வார்த்த செங்கல் இன்று வார்த்ததோடும் பொருந்துவது மந்திரத்தால் அன்று, அளவுகோலால்!

1977 இல் அதே நிறுவனம் பற்சக்கரமும் அச்சும் கொண்ட பொறிப்பெட்டியைக் கொணர்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. கிடையிலே துளைக்குத் துளை 8 மில்லிமீட்டர். செங்கல்லின் உயரமோ 9.6. அடுக்கினால் மேல் வரிசைத் துளையும் கீழ் வரிசைத் துளையும் கிடைக்கணக்கோடு ஒத்துவரவில்லை. இருந்த செங்கல்லையெல்லாம் தூக்கி எறிவதா? இல்லை. அவர்களிடம் 3.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய தட்டும் இருந்தது. செங்கல்லுக்கு மேல் இரண்டு தட்டு: 9.6 + 6.4 = 16. எட்டின் இருமடங்கு! கிடையும் நெடுக்கும் கைகோத்தன. ஒரே பற்சக்கரம் இரு திசையிலும் சுழன்றது. புது உறுப்பு செய்யாமலே பழைய உறுப்பால் தீர்வு கண்ட நுட்பம் இது.

இவ்வளவுக்கும் பிறகு வேறொரு வேலை இருக்கிறது: பூட்டும் வரிசை. எந்த உறுப்பு முதலில், எது பின்னர்? மூடிய பின் உள்ளே விரல் நுழையுமா? ஒரு படியிலே எத்தனை உறுப்பு சேர்த்தால் சிறுவன் திகைக்காமல் இருப்பான்? வடிவமைப்பாளர் கட்டுகிறார், பிரிக்கிறார், மீண்டும் கட்டுகிறார். குழந்தையின் கையிலே கொடுத்து, அது எங்கே தயங்குகிறது என்று அருகிருந்து பார்க்கிறார். குழந்தை தயங்கினால் பிழை குழந்தையுடையதன்று. தம்முடையது என்று கொண்டு படத்தை மாற்றி வரைகிறார். "படிக்கத் தெரியாதவன்" என்று மாணவனைப் பெஞ்சுமேல் ஏற்றும் ஆசிரியர்கள் இங்கே கற்கவேண்டியது நிரம்ப உண்டு.

ஓர் எண்ணின் கதையையும் சொல்லிவிடுவோம். எட்டுக் குமிழ்ச் செங்கல் ஆறு இருந்தால் எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? 10,29,81,500 என்று லெகோ நிறுவனம் நெடுநாள் சொல்லிவந்தது. சோரன் ஐலர்ஸ் என்னும் டேனிசுக் கணிதப் பேராசிரியர் அதை அப்படியே ஏற்கவில்லை. எண்ணிப் பார்த்தார். ஆறடுக்குக் கோபுரமாக அடுக்கும் வழிகளை மட்டுமே அந்த எண் குறித்தது. பக்கம் பரப்பிச் சேர்ப்பதை விட்டுவிட்டது. கணிப்பொறியின் துணையோடு அவர் கண்ட விடை: 91,51,03,765! அச்சிலே வந்ததாலும், ஆண்டு பல ஆனதாலும், பெரிய இடம் சொன்னதாலும் ஒன்று உண்மையாகிவிடாது. நாம் மேடைதோறும் சொல்வதைச் செங்கல்லும் சொல்கிறது, பார்த்தீர்களா?

விளையாட்டு அறைக்கு வெளியே

விளையாட்டு விளையாட்டோடு நின்றதா? 1934 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலே டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற பேராசிரியரும் ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவரும், அணுவின் அமைப்பைக் குறித்த கடினமான சமன்பாடுகளைத் தீர்க்க ஒரு கணக்குப் பொறி கட்டினர். எதனால்? மெக்கானோ உறுப்புகளால்! அமெரிக்காவிலே வானிவார் புஷ் பெரும்பொருள் செலவிட்டுச் செய்த பொறியின் எண்ணத்தை, ஏறக்குறைய 20 பவுண்டு செலவிலே இவர்கள் செய்து காட்டினர். பொம்மைக் கடைச் சாமான் அணுவின் கணக்கைப் போட்டது!

அமெரிக்காவிலே ஏல் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் வில்லியம் சூவெல், 1949 அளவில், இரெக்டர் என்னும் அந்நாட்டுக் கட்டுமானப் பெட்டியின் மோட்டாரையும் உறுப்புகளையும் கொண்டு, இதயத்துக்கு மாற்றாகக் குருதி இறைக்கும் பொறி செய்தார். அந்தப் பொறி இன்று சுமித்சோனியன் காட்சிசாலையிலே இருக்கிறது. சிறுவயதிலே பிரித்துப் பூட்டிய கை, பெரியவனானபின் உயிரைக் காக்கும் பொறியைப் பூட்டியது. தவம் இருந்து பெற்ற வரமன்று. தகட்டைப் பூட்டிப் பெற்ற திறம்!

தொரப்பள்ளியும் அரைநாள் பள்ளியும்

இப்போது ஒசூருக்கே திரும்புவோம். ஒசூருக்கு அருகே தொரப்பள்ளி என்றோர் ஊர். 1878 இல் அங்கே பிறந்தவர் ஆச்சாரியார் — இராசகோபாலாச்சாரியார். முதலமைச்சராக இருந்தபோது 1953 இல் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நாடறியும். கிராமத்துப் பிள்ளை அரைநாள் பள்ளியிலே படிக்கட்டும். மறு அரைநாள் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்கட்டும்! பள்ளிகள் போதவில்லை, முறைவைத்தால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம், கைத்தொழிலும் மதிப்புப் பெறும் என்று காரணம் சொன்னார்கள்.

கைத்தொழிலுக்கு நாமா எதிரி? இவ்வளவு நேரம் நாம் புகழ்ந்ததெல்லாம் கையின் திறமையைத்தானே? ஆனால் கேள்வி இதுதான்: கை எந்தத் தொழிலைக் கற்கவேண்டும் என்று முடிவு செய்வது யார்? குழந்தையின் விருப்பமா, தகப்பனின் பிறப்பா? வண்ணான் மகன் வெளுக்கக் கற்கட்டும், சக்கிலியன் மகன் செருப்புத் தைக்கக் கற்கட்டும் என்றால், கணக்குப்பிள்ளை மகன் என்ன கற்பான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பாரந்தூக்கிக்கென்று வெட்டிய துண்டு பாரந்தூக்கியோடு கிடக்கட்டும் என்ற, ஹார்ன்பி தூக்கி எறிந்த அந்தப் பழைய முறைதான் இது. தகட்டுக்கே பொருந்தாதென்று ஒரு கணக்கர் 1901 இல் கண்டுகொண்டதை, மனிதக் குழந்தைக்குப் பொருத்தப் பார்த்தார்கள் 1953 இல்!

பெரியார் எதிர்த்தார், அண்ணாவும் கழகமும் களம் இறங்கினர், நாடு கொதித்தது. 1954 இல் ஆச்சாரியார் விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குழிக்குள் போயிற்று. சாதி என்பது தொழிற்பிரிவினை மட்டுமன்று, தொழிலாளரையே மேல்கீழாகப் பிரித்து அடைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936 இல் எடுத்துக்காட்டியதை நம் இளைஞர் மறந்துவிடலாகாது. ஹார்ன்பி மறைந்ததும் அதே ஆண்டிலே.

பூட்டுவோரும் வகுப்போரும்

திட்டம் வென்றிருந்தால் இந்த வட்டாரம் என்னவாகியிருக்கும்? கேழ்வரகு விதைத்தவர் மகன் கேழ்வரகே விதைத்துக்கொண்டிருந்திருப்பான். நடந்ததென்ன? 1971 இல் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தை அமைத்தது. ஒசூரின் மேட்டு நிலத்திலே தொழிற்பேட்டை எழுந்தது. 1980 இல் அசோக் லேலண்டு ஆலை. அதே ஆண்டிலே டி.வி.எஸ். 50 வண்டி. 1984 இல் தமிழக அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் கூடி டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அன்றைய தர்மபுரி மாவட்டத்தின் சுற்றுவட்டார ஊர்களிலே படித்த பிள்ளைகளைத் தேர்ந்து, கடிகாரத் தொழிலைப் பயிற்றினார்கள். தகப்பன் கையிலே கலப்பை. மகள் கையிலே கடிகாரத்தின் மயிரிழைப் பற்சக்கரம்! அந்த ஒசூரிலிருந்தே 2002 இல் 1.15 மில்லிமீட்டர் தடிப்புள்ள இயக்கம் கொண்ட மெல்லிய கைக்கடிகாரம் வெளிவந்தது. குலத்தொழில் எந்தக் குலத்துக்குக் கடிகாரம் செய்வதைக் கொடுத்திருக்கும்? மனுவின் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள், கிடைக்காது!

'இனிவரும் உலகம்' என்ற கட்டுரையிலே, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாச் செய்திக் கருவி இருக்கும் என்று பெரியார் எண்ணினார். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே கைப்பேசியின் உறுப்புகள் செய்யப்படுகின்றன. அந்த வேலையிலே ஆயிரக்கணக்கில் இருப்போர் பெண்கள். அடுப்படிக்கென்று வெட்டிய தகடு என அவர்களைச் சொன்ன காலம் மலையேறிவிட்டது.

மகிழ்கிறோம், ஆனால் மயங்கிவிடவில்லை. இரண்டு சங்கதிகளை இளைஞர் எண்ணவேண்டும்.

முதலாவது: பூட்டுவது வேறு, வகுப்பது வேறு. எவரோ வரைந்த படத்தைப் பார்த்து உறுப்பை வார்ப்பதும் பூட்டுவதும் நம் கை. அந்தப் படத்தை வரைவது வேறொரு நாட்டுத் தலை என்றால், அது பழைய ஏற்பாட்டின் புதிய பதிப்பே. தலையிலே பிறந்தவன் எண்ணுவான், காலிலே பிறந்தவன் உழைப்பான் என்ற கதை, கடல் கடந்து வந்தால் மட்டும் இனிக்குமோ? விளையாட்டுப் பொருளையே பாருங்கள். 2020 பிப்ரவரியிலே இறக்குமதி வரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆயிற்று. 2023 இல் 70 ஆயிற்று. 2021 சனவரி முதல் தரக் கட்டுப்பாட்டு ஆணையும் நடப்புக்கு வந்தது. இராணிப்பேட்டையிலே 'பன்ஸ்கூல்' ஆலை நடக்கிறது. வரிச்சுவர் அயல்நாட்டுப் பொம்மையைத் தடுக்கும். நம் நாட்டு எண்ணத்தைப் பிறப்பிக்குமா? கடிகாரத்துக்கும் வண்டிக்கும் பற்சக்கரம் செய்யத் தெரிந்த வட்டாரம் இது. லேத்தும் டூல் ரூமும் மோல்டு அடிக்கும் கையும் நிறைந்த ஒசூருக்கு, அரை அங்குலத் துளையா எட்டாதது? எட்டாதிருப்பது, "நாமே வகுத்தால் என்ன?" என்ற துணிவுதான்.

இரண்டாவது: உறுப்பு மாற்றத்தக்கது, மனிதன் மாற்றத்தக்க உறுப்பல்லன். ஒரு போல்ட்டு தேய்ந்தால் எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தொழிலாளி தேய்ந்தால், "போனால் போகட்டும், வாசலிலே இன்னொருவன் நிற்கிறான்" என்று எண்ணலாமா? எந்த இடத்துக்கும் செல்லும் உரிமையைத் தகட்டுக்குக் கொடுத்த அதே எண்ணம், மனிதனிடம் வரும்போது, இடத்தையே வகுக்கும் உரிமையாக வளரவேண்டும். தகடு பேசாது, தொழிலாளி பேசுவான், பேசவேண்டும்.

தீக்குச்சி போதும்!

"பெட்டியின் விலை எங்களுக்குக் கட்டாதே" என்று கிராமத்துத் தோழர் கேட்பார். விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. அரவிந்த் குப்தா என்னும் பொறியாளர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனே நகரின் லாரித் தொழிற்சாலையிலே பணியாற்றியவர். 1978 இல் ஓராண்டு விடுப்பெடுத்து, மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் கிராமப் பள்ளிகளிலே நடந்த அறிவியல் கல்வி முயற்சியிலே சேர்ந்தார். அங்கே அவர் கண்டது தீக்குச்சி மெக்கானோ! சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, இருபுறமும் தீக்குச்சியைச் செருகினால் இணைப்பு ஆயிற்று. முக்கோணம் நிற்கிறது, சதுரம் சரிகிறது, முக்கோணங்களைச் சேர்த்தால் கூரை எழுகிறது. லிவர்பூல் தகடு சொன்ன அதே பாடம், சில காசுச் செலவிலே!

ஆகவே படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேசைமேல் ஏடுகள் இருக்கட்டும். அருகே ஒரு பெட்டியும் இருக்கட்டும். தீக்குச்சி, வால்வு டியூபு, பட்டறையிலே கழித்த தகடு, பழைய கடிகாரம், ஒரு திருப்புளி. மாலையிலே வரும் சிறுவனையும் சிறுமியையும் பிரிக்கவிடுங்கள், பூட்டவிடுங்கள். உடைந்தால் வையாதீர்கள். "ஏன் நின்றது? ஏன் சரிந்தது?" என்று கேளுங்கள். ஆயுத பூசையன்று கருவிக்குப் பொட்டிட்டுச் சும்மா வைப்பதைக் காட்டிலும், ஆண்டு முழுதும் அதைக் கழற்றிப் பார்க்கும் குழந்தையே கருவியை உண்மையாக மதிக்கிறது.

தலையாட்டும் பொம்மை போதும், தோழர்களே! தலையைப் பயன்படுத்தும் குழந்தை வேண்டும். படி கட்டி அடுக்கிய பொம்மைகளைக் கும்பிட்டது போதும். படியையே பிரித்துப் பாலமாக்கிக் காட்டும் கை வேண்டும். தகட்டுக்குச் சாதி இல்லை என்று ஒரு கணக்கர் கண்டார். மனிதனுக்கும் இல்லை என்பதைக் காட்டும் வேலை நம்முடையது. இன்று மாலையே ஒரு திருப்புளியோடு தொடங்கலாம்!